இருபது டொலர் பொன்னுருக்கு

1

இத்தாலியில், பலேர்மோவுக்குப் பக்கத்திலுள்ள பகேரியாவில் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மகனுடைய தங்கக்காசைக் கைலேஞ்சியிலிருந்து அவிழ்த்து வைத்தேன். சம்பந்தி அதைத் தொடவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் வெள்ளைப் பஞ்சுக் கையுறை, ஒரு கையில் பூதக்கண்ணாடி. யாருக்கோ சத்திரசிகிச்சை நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் பெயர் நீனோ. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் அவரை நிறையத் திட்டுவேன். அவருடைய ஒரே மகள் மார்த்தாவைத்தான் என் மகன் ஜெரோம் கட்ட இருந்தான். நாணயம் சேர்ப்பது நீனோவுக்குப் பைத்தியம். ஒரு அறை முழுக்க இழுப்பறைகள், இழுப்பறை முழுக்கச் சிவப்பு வெல்வெட், வெல்வெட் குழிகளுக்குள் காசுகள். அவர் கைக்கு வந்தபிறகு அதில் ஒரு காசுகூட ஒரு கிலோ தக்காளி வாங்கியதில்லை. எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று காட்டத்தான் கொண்டுபோனேன். பெருமைதான், வேறென்ன.

அமெரிக்கக் காசு, இருபது டொலர். ஒரு பக்கத்தில் தீப்பந்தம் ஏந்திய ஒரு பெண் எங்களை நோக்கி நடந்து வருகிறாள். மறுபக்கத்தில் கழுகு பறக்கிறது. எங்கள் கணக்கில் நாலு பவுணுக்குக் கொஞ்சம் கூட.

"இது எங்கிருந்து கிடைத்தது?" என்று இத்தாலியனில் கேட்டார் நீனோ.

"முன்பு நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா ஜெரோமின் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்தது. அடுத்த மாதம் இதை உருக்கித்தான் மார்த்தாவுக்குத் தாலி செய்யப்போகிறோம்."

பூதக்கண்ணாடி மேசையில் விழுந்தது.

"உருக்குவதா? சிஞ்ஞோரா ரீத்தா, உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா?"

என் இத்தாலியன் வீடு துடைக்கவும் மருந்து கொடுக்கவும் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை பிடிக்கவும் போதும். பொன்னுருக்கை விளங்கப்படுத்த அது காணாது. ஆனாலும் முயன்றேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தங்கக்காசைத் தட்டத்தில் வைப்பார்கள். அது சபையைச் சுற்றி வரும், எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். பிறகு மாப்பிள்ளை தன் கையால் அதைப் பத்தரிடம் எடுத்துக் கொடுப்பான். பத்தர் உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. கிறிஸ்தவ வேதக்காரரான நாங்களும் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்கிறோம், தாலியில் புறா வைப்பதோடு சரி.

"எல்லோரும் தொடுவார்களா?" என்று கேட்டார் நீனோ. உருக்குவதைவிட அதுதான் அவரைக் கூடக் கலங்கடித்தது என்று நினைக்கிறேன்.

2

பலேர்மோவுக்கு வந்து இறங்கியபோது என் கழுத்து வெறுங்கழுத்து. தாலிக்கொடி எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுடைய கைக்குப் போயிருந்தது. அந்தத் தாலியும் முறையாகச் செய்த தாலி அல்ல. எங்கள் கலியாணம் போரால் இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், கிடுகு வேய்ந்த கோயிலில் நடந்தது. உருக்குவதற்குக் காசு எங்கே? மாமி காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தந்தா. சபையில் தட்டம் சுற்றவில்லை, தலைக்கு மேலே விமானம்தான் சுற்றியது. கலியாண நாளில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பிறந்தால் அவனுடைய கலியாணத்திலாவது ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இங்கே என் முதல் வேலை ஒரு வயதான சிஞ்ஞோரா வீட்டில். அவருடைய தகப்பன் வாலிபத்தில் கப்பலேறி அமெரிக்கா போய், சான் பிரான்சிஸ்கோவில் மீன்பிடித்தவர். அங்கே சரிவராமல் திரும்பி வந்தபோது இந்தக் காசுதான் மிச்சமாம். என் அப்பாவும் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கடல்தொழில் செய்தவர் என்றபோது சிஞ்ஞோரா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தா. அன்றிலிருந்து சமையலறை மேசையில் எனக்கும் ஒரு கதிரை. ஜெரோம் பிறந்தபோது ஞானத்தாயாக நிற்கட்டுமா என்று தானே கேட்டா. கோயில் வாசலில் கைப்பைக்குள் துழாவி, காசை எடுத்துக் குழந்தையின் கைக்குள் வைத்துப் பொத்தினா. அவன் உடனே வாயில் வைக்கப் பார்த்தான். "நல்ல தங்கம்" என்றா சிஞ்ஞோரா.

உயிர்த்த ஞாயிறுக்கு முன் வீட்டுப் பொன்னைக் கழுவுவது எங்கள் வழக்கம். பல்லரோச் சந்தையில் வங்காளதேசக்காரர் ஒருவரின் கடையில் பூந்திக்கொட்டை கிடைக்கும். அதை ஊறவைத்த தண்ணீரில் சங்கிலி, தோடு, காசு எல்லாம் இறங்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். ஜெரோம் சின்னவனாக இருந்தபோது காசைத் தான்தான் தேய்ப்பேன் என்று அடம்பிடிப்பான். "அக்காவுக்குத் தோய வாக்கிறன்" என்று காசிலிருக்கிற பெண்ணைக் குளிப்பாட்டுவான். அந்த வயதில் அவனுடைய தமிழ் எங்கள் தமிழ். பிறகு பள்ளிக்கூடம், பிறகு பந்தடி, பிறகு மோட்டார்சைக்கிள். 'ஓம்' போய் அதற்கு இத்தாலியன் 'சீ' வந்தது. நான் தமிழில் கேட்டால் அவன் இத்தாலியனில் பதில் சொல்வான், அதுவும் தோளைக் குலுக்கிக்கொண்டு. ஊருக்குப் போன் எடுத்தால் "எப்பிடி இருக்கிறியள்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிடுவான்.

3

நீனோ விடவில்லை. தனக்குத் தெரிந்த நாணய வியாபாரியிடம் காட்டாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்றார். பலேர்மோவின் பெரிய நாடக அரங்கின் பின்பக்கத் தெருவில் ஒரு சிறிய கடை. மணியடித்தால்தான் கதவு திறக்கும். ஜெரோம், நீனோ, நான், மூன்று பேரும் போனோம்.

வியாபாரி முதலில் காசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இதை எப்படி வாங்கினீர்கள்? அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா?" என்றார். பரிசாக வந்தது, தந்தவர் காலமாகிவிட்டார் என்றேன். அவருடைய கண் என் முகத்திலிருந்து இறங்கிச் சப்பாத்தில் நின்றது. அப்போது நீனோ, "இவர் என் சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். வியாபாரியின் முகம் இளகியது, கதிரை வந்தது, கோப்பி வந்தது. நான் சொன்ன உண்மைக்கு அந்தக் கடையில் மதிப்பில்லை, அவர் சொன்ன உறவுக்கு இருந்தது. அந்தக் கோப்பியை நான் குடிக்கவில்லை.

பிறகு வியாபாரி கண்ணில் வில்லையைப் பொருத்திக்கொண்டு குனிந்தார். ஆண்டுக்கு மேலே இருந்த ஒரு சின்ன எழுத்தைக் காட்டி நீனோவிடம் ஏதோ முணுமுணுத்தார். இரண்டு பேரும் பூசைக்கு வந்தவர்கள்போல் தலைகுனிந்து நின்றார்கள். விஷயம் இதுதான். அந்த எழுத்து, காசு சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். அந்த ஆண்டில் அங்கே அடித்தவை ஏராளம், ஆனால் வெளியே வந்தவை கொஞ்சம். சில வருடங்களுக்குப் பிறகு அமெரிக்க அரசாங்கம் சனங்களிடமிருந்த தங்கக்காசுகளை எல்லாம் திருப்பி வாங்கி, களஞ்சியத்தில் கிடந்தவையோடு சேர்த்து உருக்கிப் பாளமாக்கிவிட்டது. தப்பியது சிலதுதான். அதனால்தான் இது அரிது.

"அப்ப அரசாங்கம் உருக்கினால் அது வரலாறு, நான் உருக்கினால் மட்டும் பைத்தியமோ?" என்று கேட்டேன். இதை இத்தாலியனில் சரியாகச் சொல்ல வரவில்லை. ஜெரோமிடம் மொழிபெயர்க்கச் சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பாஸ்தா, அம்மா" என்றான். போதுமாம்.

அடுத்தது நிலை. வியாபாரி, "பெல்லிசிமோ" என்றார். மிக அழகு என்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். நீனோவின் முகமோ தொங்கிவிட்டது. இவர்களுடைய தொழிலில் 'மிக அழகு' என்றால் மேலிருந்து மூன்றாவது படியாம்! அதற்கு மேல் 'பிரமாதம்', அதற்கும் மேல் அச்சிலிருந்து அப்படியே விழுந்தது, யாருடைய விரலும் படாதது. அமெரிக்காவில் எழுபது வரை புள்ளி போடுகிறார்களாம். யாருமே பாவிக்காத காசுக்குத்தான் அங்கே முதல் மரியாதை.

"இங்கே பாருங்கள், முழங்கால் தேய்ந்திருக்கிறது" என்று வியாபாரி காசிலிருந்த பெண்ணைக் காட்டினார். "இது பெரிய விஷயமில்லை. ஆனால் யாரோ இதைக் கழுவியிருக்கிறார்கள். மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல். ஒருமுறை அல்ல, பலமுறை. பாவம் செய்திருக்கிறார்கள்."

"நான்தான் கழுவினனான்" என்றேன். "வருசா வருசம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனபோது, விரல் அடையாளம் எடுக்கும் யந்திரம் என் விரல்களை ஏற்கவில்லை. பிளீச்சில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. இன்னொருமுறை, இன்னொருமுறை என்று என் விரலை அழுத்திப் பிடித்த அதிகாரி இதே முகத்தோடுதான் இருந்தார், குற்றம் என் விரலில் இருப்பதுபோல. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்குக் கேட்பதாக இல்லை. மீன்பிடித்தவர் சட்டைப்பையில் கிடந்த காசு தேயாமல் என்ன செய்யும்? படிக்கட்டுத் துடைத்த முழங்கால் தேயாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் பொன்னைக் கழுவினோம், அழுக்கோடு பெட்டிக்குள் பூட்டிவைத்துக் கும்பிடவில்லை.

அப்படிக் கழுவியும்கூட, வியாபாரி சொன்ன விலை சின்ன விலை அல்ல. தங்கத்தின் விலையைப்போலப் பல மடங்கு. ஜெரோமும் மார்த்தாவும் பார்த்துவைத்த குட்டி வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். ஜெரோம் தலையை நிமிர்த்தியது அப்போதுதான்.

4

கடை வாசலில் வைத்து நீனோ ஒரு வழி சொன்னார். தன்னிடம் இங்கிலாந்துப் பவுண் ஒன்று இருக்கிறது, எங்கும் கிடைக்கிற சாதாரணக் காசு, தங்கத்துக்குள்ள விலைதான். அதைத் தருகிறார், அதை உருக்கலாம். அமெரிக்கக் காசை ஜெரோம் விற்கட்டும் அல்லது வைத்திருக்கட்டும். சடங்கும் நடக்கும், காசும் தப்பும்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் இப்போது தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மனுசனும் ஆட்டினார். அவர் ஹோட்டல் குசினியில் வேலை, எந்தச் சண்டையிலும் "ரெண்டு பேர் சொல்லுறதும் சரிதான்" என்கிற மனிதர்.

எங்கள் வீடு இருக்கிற சீசாப் பகுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெரோம் பிடித்துக்கொண்டான். சண்டை என்றால் அவனுக்குத் தமிழ் தானாக வரும்.

"லோஜிக்கோ அம்மா, லோஜிக்கோ! அவரின்ரை காசை உருக்குவம், எங்கடையை வைப்பம்."

"பொம்பிளை வீட்டுப் பொன்னிலை தாலியோ? கேட்டவை சிரிப்பினம்."

"ஆர் சிரிப்பினம்? இஞ்சை ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன்."

பஸ்ஸில் இரண்டு கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பொன்னுருக்குப் பொன் மாப்பிள்ளை வீட்டுப் பொன். அதைப் பெண் வீட்டில் கை நீட்டி வாங்கினால் பிறகு என்ன மாப்பிள்ளை வீடு? அதைவிட இன்னொன்று என்னைச் சுட்டது. தாலிக்கு மலிந்த காசு, வெல்வெட் குழிக்கு அரிய காசு. அதுதான் அவர்கள் கண்ட வழி. நல்லதை வெளியாருக்கு எடுத்துவைத்துவிட்டு மிஞ்சியதை வீட்டுக்கு வைப்பதை இந்த ஊரில் போதுமளவு செய்துவிட்டேன். சிஞ்ஞோராக்களின் பிள்ளைகளுக்குச் சூடாகக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு ஆறினதைக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் முடியாது.

ஜெரோம் மெதுவாகச் சொன்னான். "அது என்ரை காசு அம்மா. நீங்கள் ரெண்டு பேரும் அடிபடுறியள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஓம், உன்ரைதான். பத்தரிட்டை எடுத்துக் குடுக்கிறதும் நீதான். நீ குடுக்காட்டி உருக்கேலாது. ஆனா தட்டத்திலை நான் அதைத்தான் வைப்பன்."

மார்த்தா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பேக்கரியில் வேலை செய்கிற பிள்ளை, விடியற்காலையே எழும்பிப் பழகியவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "கழுத்தில் போடப்போகிறவள் நான்" என்றாள். "எது உருகினாலும் எனக்குச் சரி. ஆனால் அதற்காக நீங்களும் ஜெரோமும் அப்பாவும் முகம் பார்க்காமல் இருப்பீர்களானால், அதை நான் போடமாட்டேன். தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள்." சொல்லிவிட்டு நான் சுட்ட பால்ரொட்டியில் ஆறை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள். அவள் போனபிறகும் நாங்கள் தீர்க்கவில்லை. அன்றிலிருந்து ஜெரோம் என்னோடு இத்தாலியனிலும் பேசவில்லை.

பயந்தேன், அதையும் ஒளிக்கவில்லை. சபை கூடியிருக்க அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால்? அந்தக் காசுக்காக என் மகனை இழக்க நான் ஆயத்தமா? இல்லை. அதற்காகத் தட்டத்தில் மலிந்ததை வைக்க ஆயத்தமா? அதுவும் இல்லை.

5

பொன்னுருக்கு எங்கள் வீட்டில், மூன்றாம் மாடியில். எங்கள் ஆட்களின் நகைகளைத் திருத்திக் கொடுக்கிற தேவா அண்ணைதான் பத்தர். பகலில் அவருக்கு ஒரு மாடிக் கட்டடத்தில் காவல் வேலை. சிரட்டைக் கரி, மூசை என்கிற சின்ன மண்கிண்ணம், வெண்காரம், எல்லாம் கொண்டுவந்து பல்கனியில் அடுக்கினார். புகை மேலே போக, நாலாம் மாடிக்காரி எட்டிப் பார்த்து, வீடு எரிகிறதா என்று சத்தம் போட்டாள். கலியாணம் என்றேன். அதற்கு அவளும் வாழ்த்துச் சொன்னாள்.

பங்குத்தந்தை புனித நீர் தெளித்தார். தட்டத்தில் தேங்காய், வெற்றிலை, பூ. நடுவில் அமெரிக்கப் பெண், அன்று காலைதான் கழுவியது. வேண்டுமென்றே நன்றாகக் கழுவினேன். தட்டம் என் மனுசனிடமிருந்து புறப்பட்டுச் சபையைச் சுற்றியது. பங்கிலுள்ள சனம் ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். கடைசியாகப் பெண் வீட்டுக்காரரான நீனோவிடம் போனது. நல்ல கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் காசைத் தொடவில்லை. கோட்டுப்பைக்குள் கைவிட்டு இங்கிலாந்துப் பவுணை எடுத்து, அமெரிக்கக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். "பையன் தெரிவு செய்யட்டும்" என்றார் எல்லோருக்கும் கேட்க.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வீட்டில், என் சபையில், என் தட்டத்தில்! பிடரியில் பிடித்துத் தள்ளவேண்டும்போல் இருந்தது. சனம் குசுகுசுத்தது. தட்டம் ஜெரோமின் முன்னால் வந்து நின்றது. வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு காசையும் பார்த்தான். நீனோவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, எதைத் தாறியள்?" என்று கேட்டார் தேவா அண்ணை.

ஜெரோம் குனிந்து இரண்டையும் ஒரே கையில் அள்ளினான்.

"ரெண்டையும் போடுங்கோ அங்கிள்."

"பொம்பிளை வீட்டுப் பொன்னைச் சேர்க்கிறேல்லையே தம்பி…"

"தெரியும் அங்கிள். போடுங்கோ."

"டேய்!" என்று நான் கத்தினேன். அதே நேரம் நீனோ, "இல்லை, இல்லை!" என்று இத்தாலியனில் கத்தினார். இந்தக் கலியாணப் பேச்சுத் தொடங்கியபிறகு நாங்கள் இரண்டுபேரும் ஒத்துப்போன ஒரே தருணம் அதுதான். ஜெரோம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல்கனிக்குப் போய்த் தன் கையாலேயே இரண்டையும் மூசைக்குள் போட்டான். சபைக்குக் கேட்கத் தமிழிலும் பிறகு மாமனாருக்காக இத்தாலியனிலும் சொன்னான். "இது என்ரை கலியாணம்."

முதலில் கழுகு போனது. பிறகு பெண் போனாள். பவுணிலிருந்த இங்கிலாந்து ராசாவும் குதிரைவீரனும் அவளோடு போனார்கள். தேவா அண்ணை வெண்காரம் தூவி ஊதினார். பொன் ஆறியபோது அருநெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை, தட்டத்தில் பூவுக்கு நடுவே. எல்லோரும் கைதட்டினார்கள். நீனோ சோபாவில் சரிந்து, "என்னுடைய பவுண்கூட 'பிரமாதம்' நிலையில் இருந்தது" என்று முனகினார். ஒரு கிளாஸ் வைன் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது கிளாஸும் கொடுத்தேன். பாவம் மனிதர்.

6

என் மகன் என்னையும் மீறினான். முதல் இரண்டு நாளும் நொந்துகொண்டேன், மூன்றாம் நாள் யாரோ கேட்க, "ஓம், என்ரை பிள்ளைதான்" என்று நிமிர்ந்து சொன்னேன். நான் கேட்டதை எனக்குக் கொடுக்கவில்லை, அவர் கேட்டதை அவருக்குக் கொடுக்கவில்லை, வீட்டு முற்பணத்தையும் நெருப்பில் போட்டான். அந்த வீட்டை அவர்கள் உழைத்து வாங்குவார்கள். வாங்காவிட்டால் வாடகைக்கு இருப்பார்கள், நாங்கள் இருக்கிறோம்தானே. பொன்னுருக்குக்கு மணப்பெண் வருவதில்லை. மார்த்தாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் போனில் சிரித்த சிரிப்பு சமையலறைவரை கேட்டது.

கலியாணம் முடிந்ததிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் போன் வந்தபடி இருக்கிறது. மருமகள் எப்படி, சாப்பாடு எப்படி என்று தொடங்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்விக்கு வருகிறார்கள். "பொம்பிளை வீட்டுப் பொன்னும் கலந்ததாமே, மெய்யே?"

ஓம், மெய்தான், கலந்ததுதான். அரிய பொன்னும் மலிந்த பொன்னும், எங்கள் பொன்னும் அவர்கள் பொன்னும். முறை தெரிந்தவர்கள் யாராவது பலேர்மோவுக்கு வந்தால் நானே பல்கனியில் நெருப்பு மூட்டித் தருகிறேன். அந்தத் தாலியில் எது மாப்பிள்ளை வீட்டுப் பொன், எது பெண் வீட்டுப் பொன் என்று பிரித்துக் காட்டட்டும், பார்ப்போம்.